நுனிநாக்கில் வைத்துப் பார்த்த ஆறு

வேன் கதவைத் திறந்து பிடித்தபடி அந்த வெள்ளைக்காரம்மா நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு எதிரில், காலை எட்டு மணி வெயிலில், டிரைவர் பக்கத்துச் சீட்டின் கதவு திறந்திருக்க, நானும் என் சம்பந்தியும் அதற்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் உள்ளே அனுப்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். "நீங்க ஏறுங்க சம்பந்தி, உங்களுக்குத்தானுங்க முட்டி வலி" என்றேன் நான். "அதெல்லாம் இல்ல, நீங்க வயசுல மூத்தவர், நீங்க உட்காருங்க" என்றார் அவர். "எத்தன மூப்புங்க, எட்டு மாசந்தானுங்களே." "மாப்பிள்ளையோட அப்பாவைப் பின்னால உட்கார வச்சிட்டு நான் முன்னால போனா என் பொண்ணு என்னை வீட்டுக்குள்ள சேர்ப்பாளா?" அந்தம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பின்னால் திரும்பி ஏதோ கேட்டார். எங்களோடு வந்த மூன்று இளம்பெண்களில் ஒருத்தி, வளைவில் போனால் வாந்தி வரும் என்று சொன்னவள், ஓடி வந்து முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் போய் அடுத்தடுத்து உட்கார்ந்தோம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த முன்சீட்டு வேண்டும். பதினைந்து வயதில் போர் போடுகிற ரிக் வண்டியில் கேசிங் பைப் தூக்கும் வேலைக்குப் போனபோது, அந்தப் பைப்புகளின் மேலேயே படுத்துக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து ராய்ச்சூர் வரை போயிருக்கிறேன். முதுகில் விழுந்த தடம் ஒரு வாரம் போகவில்லை. சொந்தமாக வண்டி வாங்கிய நாளிலிருந்து டிரைவர் பக்கத்துச் சீட்டை நான் யாருக்கும் விட்டதில்லை. அவருக்கும் அந்தச் சீட்டின்மேல் ஒரு கண் இருந்தது. நன்றாக மடித்த கைக்குட்டையை அவர் முன்கூட்டியே அதன்மேல் போட்டிருந்ததை நான் பார்த்தேன். ஆனால் சம்பந்திகள் வாய்விட்டுக் கேட்க முடியுமா?

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்த வேலை, அதனால் சுருக்கமாகச் சொல்லுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தேன், அதையும் முழுசாகப் படிக்கவில்லை. பைப் தூக்கினேன், கம்ப்ரஸர் பார்த்தேன், டிரில்லர் ஆனேன், முப்பத்திரண்டு வயதில் என் பேரில் முதல் ரிக் வண்டி ஓடியது. நான் சொல்லப்போகும் காலத்தில் ஆறு வண்டி. இந்தியாவில் நான் ஓட்டை போடாத மாநிலம் நாலோ ஐந்தோதான் இருக்கும். பூமிக்கு மேலே நடப்பதைப் படித்தவர்களிடம் கேளுங்கள், கீழே நடப்பதை என்னிடம் கேளுங்கள் என்று கல்யாண வீடுகளில் சொல்வேன். பாறைக்குள் துளைக்கிற பிட் இறங்கும் சத்தத்தை வைத்து அது கருங்கல்லா வெள்ளைப்பாறையா என்று சொல்லிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேல் என் நாக்கு. போரில் தண்ணீர் வந்ததும் முதல் கை நான்தான் அள்ளுவேன். நுனிநாக்கில் வைத்து, மேலண்ணத்தில் ஒட்டி, பிறகு விழுங்க வேண்டும். துப்பினால் பின்ருசி தெரியாது. உப்பு, சவர்ப்பு, இரும்பு எல்லாம் பின்ருசியில்தான் ஒளிந்திருக்கும். லேபில் கொடுத்து நாலு நாள் காத்திருந்து வாங்கும் காகிதத்தில் இருப்பதை நான் அங்கேயே நின்று சொல்லிவிடுவேன்.

சம்பந்தி இதற்கு நேர் எதிர். சென்னையில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற புரொபசர். ஒல்லியான ஆள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிக்கும் இடம் தெரிந்துதான் ஆரம்பிப்பார். என் மகனும் அவர் மகளும் ஒரே ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அவர்களே பேசி முடித்துக்கொண்டு, எங்களுக்குத் தகவல் சொன்ன கல்யாணம் அது. சம்பந்தம் பேச நாங்கள் திருவான்மியூரில் அவர் வீட்டுக்குப் போனபோது, குடிக்கக் கொடுத்த தண்ணீரை நான் நாக்கில் வைத்துவிட்டு, அவருடைய உறவுக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், "இது மாட்டுக்குக்கூட ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மீதித் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மரியாதையாக மட்டுமே பேசினார். மரியாதையாக மட்டும் பேசும் சம்பந்தியோடு காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் தொண்ணூற்று எட்டாம் வருடத்து ஆகஸ்ட் மாதம். எங்கள் பேத்திக்கு அப்போது ஐந்து மாதம். பிரசவம் பார்க்க வந்திருந்த சம்பந்தியும் அவர் மனைவியும் ஊருக்குத் திரும்ப இரண்டு வாரம் இருந்தது. நானும் என் மனைவியும் போய் இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு அபார்ட்மென்டில் ஆறு பெரியவர்களும் ஒரு குழந்தையும். மகன் தினமும் ரயிலேறி மன்ஹாட்டனில் ஒரு பேங்க்குக்குப் போனான். மருமகளுக்கு லீவு முடியப் போகிறது. அவ்வளவு சின்னக் குழந்தையை டேகேரில் விட மனமில்லை. அப்போது அங்கே பல வீடுகளில் செய்ததுபோல், குழந்தையை ஊருக்கு அனுப்பி இரண்டு வருடம் வளர்த்து அழைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. எந்த ஊருக்கு? அங்கேதான் சிக்கல். சம்பந்தி இரண்டு வாரத்தில் போகும்போது கையோடு சென்னைக்குக் கொண்டுபோகலாம். நான் விடுவேனா? பேரன் பேத்தி அப்பன் வீட்டுக்குத்தான் என்றேன். பக்கத்திலேயே பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார் அவர். அந்த உப்புத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டினால் தலையில் ஒரு மயிர் தங்குமா என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

என் மகன் ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தான். ஆறாம் நாள் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தான். "அப்பா, மலை, ஃபியோர்டு எல்லாம் ஒரே நாள்ல காட்டுவாங்க. சின்ன குரூப்தான், எட்டுப் பேர். நீங்களும் மாமாவும் போய்ட்டு வாங்க. போற வழியில ரெண்டு பேரும் பேசி, யார் வீட்டுக்குன்னு ஒரு டிசிஷனோட வாங்க. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்." ஃபியோர்டு என்றால் என்னடா என்றேன். கடல் மலைக்குள் நுழைந்து நிற்கும் இடம் என்றான். மலைக்குள் நுழைவது என் தொழில், அதைக் கடல் எப்படிச் செய்கிறது என்று பார்த்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

வேன் ஓட்டியதும் வழிகாட்டியதும் ஒரே ஆள்தான், கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாரே அந்தம்மா. அறுபது வயது இருக்கும். கத்தரித்த வெள்ளை முடி, ஆண்பிள்ளை போல அரைக்கால் சட்டை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மற்றவர்கள் அந்த மூன்று பெண்களும், ஒஹாயோ பக்கத்திலிருந்து வந்த கணவன் மனைவி இருவரும். ஒரு மணி நேரத்தில் கட்டடங்கள் போய் மலை வந்துவிட்டது. ஃப்ரீவேயில் ஒரு பள்ளம் கிடையாது. இந்த மாதிரி ரோடு இருந்திருந்தால் என் வண்டிகளுக்கு எத்தனை ஆக்சில் மிஞ்சியிருக்கும் என்று சம்பந்தியிடம் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "ரம்மியமா இருக்கு" என்றார். குழந்தைப் பேச்சை யார் முதலில் எடுப்பது என்று இருவருமே காத்திருந்தோம். எடுப்பவன் கேட்பவனாகிவிடுவான், கேட்பவன் இறங்கியவனாகிவிடுவான்.

மலை உச்சியில் வண்டியை நிறுத்தி எல்லோரையும் ஒரு பாறைமேல் ஏற்றினார் அந்தம்மா. கீழே ஹட்சன் ஆறு. இரண்டு பக்கமும் பச்சை மலை செங்குத்தாக இறங்கி ஆற்றுக்குள்ளேயே போய் நின்றது. பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தம்மா அடுத்துச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு காலத்தில் இங்கே முழுவதும் ஐஸ் கட்டி மலைபோல் கிடந்ததாம், அந்த ஐஸ் நகர்ந்து நகர்ந்து இந்தப் பாறையை அறுத்துப் பள்ளமாக்கியதாம், அதில் கடல் ஏறிவந்து நிற்கிறதாம். சம்பந்தி இதை எனக்குத் தமிழில் சொன்னார். நான் குனிந்து பாறையைத் தட்டிப் பார்த்தேன். நல்ல முற்றின கல்.

"சம்பந்தி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். இந்த மாதிரிக் கல்லில் முந்நூறு அடி இறங்க எனக்கு எத்தனை பிட் தேய்ந்திருக்கிறது, தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ராடு முறிந்து உள்ளேயே நின்றுபோனது, கம்ப்ரஸர் முழுக் காற்றில் அடித்தும் ஒரு மணிக்குப் பத்தடி நகரவில்லை, அப்படியிருக்க வாயில் வைத்தால் கரைகிற ஐஸ் எப்படிக் கல்லை அறுக்கும், இதை எழுதினவர்கள் யாராவது ஒரு நாள் ரிக் வண்டிமேல் நின்றிருக்கிறார்களா என்று ஒரு பத்து நிமிடம் பேசினேன். கையை ஆட்டிப் பேசியதில் ஒஹாயோக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். நான் முடித்ததும் சம்பந்தி அந்தம்மாவிடம் திரும்பி, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொன்னார். நாலே நாலு. அந்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். படித்தவர்களின் ஆங்கிலத்தில் எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடிகிறது என்று நான் வியந்துபோனேன். வெள்ளைக்காரம்மா தோல்வியை ஒத்துக்கொண்ட விதமும் எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரவர் கொண்டுவந்ததை மரத்தடி மேசையில் பிரித்தோம். என் மனைவி புளிசாதம் கட்டியிருந்தாள். சம்பந்தியம்மா தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் கட்டியிருந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாடுதான் முதலில் தீர வேண்டும் என்று நான் எல்லோர் தட்டிலும் புளிசாதத்தை வைத்தேன். உடனே சம்பந்தியும் எழுந்து தயிர்சாதம் பரிமாற ஆரம்பித்தார். ஒஹாயோக்காரரின் மனைவி இரண்டையும் கலந்து சாப்பிட்டுவிட்டு, இது என்ன பதார்த்தம் என்று பெயர் கேட்டார். புளிசாதம் என்றேன் நான், தயிர்சாதம் என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் படகு. நாங்கள் ஏழு பேரும் அந்தம்மாவும் படகுக்காரரும் உட்காருகிற அளவு சின்னப் படகு. விளிம்பில் கை வைத்தால் தண்ணீர் தொடும். மலைகள் நெருங்கி வருகிற குறுகலான இடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார் அந்தம்மா. ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். குச்சி மெதுவாக வடக்கே, மலைப்பக்கம் போனது. எனக்கு ஆச்சரியம். ஆறு கடலை விட்டு ஓடுகிறதே. தினம் இரண்டு வேளை கடல் மேலேறி வரும், அப்போது ஆறு பின்னால் நடக்கும், அந்தக் காலத்து ஜனங்கள் இதற்கு இரண்டு பக்கமும் ஓடுகிற ஆறு என்றே பெயர் வைத்திருந்தார்கள் என்றார். மழை நிறைய இருந்தால் ஆற்றுத் தண்ணீர் கடலைக் கீழேயே தடுத்து நிறுத்திவிடும், இந்த வருடம் போல் மழை குறைந்தால் உப்பு இதுவரைக்கும் வந்துவிடும் என்றும் சொன்னார். சம்பந்தி தமிழில் சொல்லி முடிக்கும் முன்னாலேயே நான் விளிம்பில் சாய்ந்து ஒரு கை அள்ளிவிட்டேன். இதில் என்ன யோசனை? தண்ணீரில் உப்பா இல்லையா என்று ஒரு பேச்சு வந்தால் நாக்கில் வைப்பதுதானே முறை. நுனிநாக்கு, மேலண்ணம், விழுங்கல்.

"உப்பு இல்லீங்க. நல்ல தண்ணி. அந்தம்மா சொல்றது தப்பு" என்றேன் சம்பந்தியிடம்.

நிமிர்ந்து பார்த்தால் படகில் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. முன்சீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மா என் தோளைப் பிடித்து ஏதோ கேட்டார். சம்பந்தி மெல்லச் சொன்னார்: "இந்த ஆத்துல மேல எங்கேயோ ஆலைக்கழிவெல்லாம் கலந்திருக்காம் சம்பந்தி. மீனைக்கூடச் சாப்பிடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்களாம். விழுங்கிட்டீங்களான்னு கேக்கறாங்க." விழுங்காமல் எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை.

படகைக் கரைக்குத் திருப்பிவிட்டார்கள். இறங்கியதும் அந்தம்மா ஒரு காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார். யாராவது எதையாவது வாயில் போட்டுக்கொண்டால் எழுதி வைக்க வேண்டுமாம். வயது, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, சம்பந்தியிடம் என்னைக் காட்டி, நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று கேட்டார். "என் மகளின் மாமனார்" என்று அவர் விளக்கினார். அது உங்களுக்கு என்ன முறை என்றார் அந்தம்மா. முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், அங்கே நின்றுகொண்டு யோசித்தார். அவர் வார்த்தை தேடித் திணறியதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் "ஃபேமிலி" என்றார். பேனாவை வாங்கி, என் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டார். ஒரு மணி நேரம் இவரைப் பக்கத்திலிருந்து பாருங்கள், வயிற்று வலி என்றால் உடனே ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு, அந்தம்மா மற்றவர்களை நடைக்குக் கூட்டிப்போனார். எங்கள் இருவரையும் ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

வயிறு எப்படி இருக்கிறது என்று அவர் மூன்று தரம் கேட்டார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்று மூன்று தரமும் சொன்னேன். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, குழந்தைய நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஏனுங்க, திடீர்னு?"

"எங்க வீட்டுத் தண்ணி சரியில்லதான். இந்த அம்மா சொன்னாங்க பாருங்க, நல்ல தண்ணி குறைஞ்சா கடல் உள்ள வரும்னு. எங்க தெருவுல அதேதான். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சறோம், கடல் வந்துட்டே இருக்கு. நீங்க நாக்குல வச்ச உடனே சொன்னீங்க. எனக்குத்தான் மனசு ஆறல. எல்லாரும் கேன் தண்ணி வாங்கறாங்க. நான் ரெண்டரை வருஷமா வீம்புக்கு அந்தத் தண்ணியையே குடிச்சிட்டிருக்கேன். என் வீட்டுக்காரி, உங்களுக்கு என்ன பைத்தியமான்னு கேக்கறா."

எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆறு வண்டி வைத்திருப்பவன், கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகினவன். ஆனால் ஒரு மனுஷன் என் ஒரு வார்த்தைக்காக இரண்டரை வருடம் உப்புத் தண்ணீர் குடித்தான் என்றால், அதை எந்த வாயால் கொண்டாடுவது? அதிலும் இப்போதுதான் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டவர்.

"அன்னைக்கு உங்கூட்டுத் தண்ணியில உப்பு இருந்தது வாஸ்தவந்தானுங்க" என்றேன். "ஆனா நான் சொன்ன அளவுக்கு இல்லீங்க. சமையலுக்கு ஆகும். குளிக்கத் தாராளமா ஆகும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கூடத்துல எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசிட்டிருந்தீங்க. உங்க மச்சான் எங்கிட்ட வந்து எந்தக் காலேஜுன்னு ஒண்ணு கேட்டாருங்க. அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. எனக்குத் தெரிஞ்சது தண்ணி ஒண்ணுதான். அது கைக்கு வந்துச்சு, கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டேன்."

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ இந்த ஆறு? நிஜத்தைச் சொல்லுங்க."

"துளி இருந்துச்சுங்க. பின்ருசியில."

"அந்த அம்மா சொன்னது சரி."

"பாதி சரி. ஐஸ் விஷயத்துல நான் சொன்னதுதானுங்க சரி. அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்கல்ல, கை கொடுத்து."

சம்பந்தி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க பத்து நிமிஷம் பேசினதுக்கு, 'இவருக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு'ன்னுதான் நான் அவங்ககிட்ட சொன்னேன்."

நான் அவரை முறைத்துப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. இரண்டு கிழவர்களும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். தூரத்தில் நடந்துகொண்டிருந்த அந்தம்மா நான் வயிற்றைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடி வந்தார். ஒன்றுமில்லை என்று நம்பவைக்க சம்பந்திக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அப்புறம் பேச்சு தலைகீழாகிவிட்டது. காலையில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த குழந்தையை இப்போது ஆளுக்கொரு பக்கம் தள்ளினோம். நீங்கள் வையுங்கள், பெரிய டாக்டர்கள் இருக்கிற ஊர் என்றேன் நான். நீங்கள் வையுங்கள், காற்றும் தண்ணீரும் உள்ள ஊர் என்றார் அவர். வேன் ஜெர்சி எல்லைக்குள் நுழையும்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தோம்: முதல் வருடம் சென்னை, இரண்டாம் வருடம் திருச்செங்கோடு. நடுவில் மாதம் ஒரு தரம் நான் சென்னைக்குப் போய்ப் பார்ப்பது, பிறகு அவர் வந்து பார்ப்பது. கைகொடுத்துக்கொண்டோம். இதை வீட்டில் அவர்தான் சொல்ல வேண்டும் என்றேன், அவர் அழகாகப் பேசுவார். இறங்கும்போது அந்தம்மா என்னைக் கட்டிப்பிடித்து, ஒரு பாட்டில் தண்ணீரைக் கையில் கொடுத்தார். இனி குடிப்பதென்றால் இதைக் குடி என்று அர்த்தம்.

வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று பெண்களும் வரிசையாக சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி, சம்பந்தியம்மா, நடுவில் மடியில் குழந்தையோடு மருமகள். என் மகன் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சம்பந்தி தொண்டையைச் செருமி, "நாங்க ரெண்டு பேரும் நல்லா யோசிச்சு" என்று தொடங்கினார்.

"அதிருக்கட்டுங்க அண்ணா, மொதல்ல உக்காருங்க" என்றாள் என் மனைவி. என் எதிரில் முப்பது வருடமாக நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசாதவள். "குழந்தை எங்கயும் போறதில்ல. ஆறு மாசம் நான் இருக்கறேன். எனக்கு விசா முடியறப்ப சம்பந்தியம்மா வந்து ஆறு மாசம் இருப்பாங்க. அப்புறம் மறுபடி நான். அவளுக்கு ரெண்டு வயசு ஆகட்டும், டேகேர்ல விட்டுக்குவாங்க."

"அப்ப நாங்க?" என்றேன்.

"நீங்க ஊர்ல போய் ரிக் பாருங்க. நீங்க இங்க இருந்தா குழந்தையையும் பாத்து உங்களையும் பாக்கோணும்."

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். சம்பந்தியம்மா, "ஆமாம், நீங்களும் அங்கேதான். இங்க மிச்சம் ஒரு ரூம்தான் இருக்கு" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மருமகள் நிமிர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "எல்லாரும் எந்த ஊருன்னே பேசிட்டிருந்தீங்க மாமா. அனுப்பறதுக்கு எனக்கு இஷ்டமான்னு யாருமே என்னைக் கேக்கல. அப்பா, நீயும் கேக்கல." சம்பந்தியம்மா சொன்னார்: "ஒரு வாரமா பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கா. நாங்க குளிக்கறான்னு நினைச்சோம். இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இல்லாம வீடு அமைதியா இருந்ததுல எங்களுக்குக் கேட்டுது." பாறைக்குள் ஊற்று ஓடுகிற சத்தத்தையே கேட்டுச் சொல்பவன் நான். அந்தக் குழாய்ச் சத்தத்தை நானும்தான் ஒரு வாரம் கேட்டேன். தண்ணீரை வீணாக்குகிறாளே என்று ஒரு நாள் சலித்துக்கொண்டும் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அப்படித்தான் நடந்தது. எனக்கு மனைவி இல்லாத ஆறு மாதத்தில், ரிக் வண்டிக்குச் சாமான் வாங்குகிற சாக்கில், மாதம் இரண்டு தரம் சென்னைக்குப் போய் சம்பந்தியம்மா கையால் சாப்பிட்டேன். அவருக்கு மனைவி இல்லாத ஆறு மாதத்தில் அவர் திருச்செங்கோட்டுக்கு வந்து, என் வண்டியோடு போர் போடுகிற இடங்களுக்கெல்லாம் வந்து வெயிலில் குடை பிடித்து நின்றார். டிரில்லர்கள் அவரை வாத்தியாரய்யா என்றார்கள். ஐஸ் கல்லை அறுக்கும் என்று அவர் சாகிறவரை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது. பேத்திக்கு இப்போது கல்யாண வயது, கலிபோர்னியாவில் பிளசன்டனில் இருக்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், எங்களுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அவளிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. அவளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, சென்னை வீட்டில் நானும் சம்பந்தியும் உட்கார்ந்திருக்க, ஜெர்சியிலிருந்து என் மனைவி போன் செய்து குழந்தையின் காதில் ரிசீவரை வைத்தாள். குழந்தை முதல்முறையாகப் போனில் கலகலவென்று சிரித்தது. என் இருமலைக் கேட்டுத்தான் சிரித்தது என்று நான் அன்றைக்குச் சொன்னேன். கல்யாண வீடுகளில் சொன்னேன். டிரில்லர்களிடம் சொன்னேன். சம்பந்தியை வைத்துக்கொண்டே இருபது வருடம் சொன்னேன். அவர் கேட்டுத் தலையாட்டுவார்.

அந்தச் சிரிப்பு வந்தபோது நான் அறையிலேயே இல்லை. தெருவில் ஒரு ரிக் வண்டி போகிற சத்தம் கேட்டு, யாருடைய வண்டி என்று பார்க்க வாசலுக்கு ஓடியிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க உட்கார்ந்திருந்தார். "சிரிச்சா" என்றார். "என் இருமல் கேட்டிருக்குமுங்க" என்றேன் நான். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார். நீங்கள்தான் அறையிலேயே இல்லையே என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

பேத்திக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. நான் சொன்னால்தான் அவளுக்கு இது தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டதும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், நான் எழுதி வைத்த இந்தக் கடைசிப் பக்கத்தை நானே அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.